நாலாவது பக்கம் யாருடைய பாடு?

முன்னறையில் கம்ப்யூட்டரின் காற்றாடி அலறியது. சமையலறையில் இறாலுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த அமுதவல்லியின் கை அப்படியே நின்றது.

அலை தூக்கிய படகில் எஞ்சினின் விசிறி தண்ணீரை விட்டு மேலே வந்துவிட்டால் ஒரு வெற்றுக் கூச்சல் போடும். அதே கூச்சல். அவள் போடும் பட்டியலைத் திறந்து வைத்தால் அந்த மெஷின் பூனைபோல முனகும், அவ்வளவுதான்.

"இன்னாடா பண்ற அங்க?"

"சொம்மா பார்த்துகினு கீறேன் அண்ணி!"

சும்மா பார்த்ததற்கு எந்த மெஷினும் அலறாது. ஆனால் லோகேஷ் பிறந்ததிலிருந்து எதையும் சும்மா பார்த்தவன் இல்லை. அவன் அமுதவல்லியின் கணவன் பூவரசனுக்குப் பங்காளி வழியில் தம்பி. சென்னையில் ஒரு கடையில் போன்களுக்கு உறை மாட்டிக் கொடுக்கிற வேலை. சொந்த ஊரான தோணிரேவுக்கு வந்து இறங்கினால் மட்டும் அவன் சிஸ்டம் என்ஜினீயர். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டான். ஊர்ப் பெரியவரான தலையாரி சிங்காரம் அவனுக்குத் தாய்மாமன். 'இந்த வருஷம் பட்டியலை லோகேஷ் போடட்டுமே' என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மெஷினைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அவனை அனுப்பியதும் அந்தத் தாய்மாமன்தான். நாலு மணிக்கு ஊர்க்கூட்டம். அதற்குள் பட்டியல் காகிதத்தில் வந்தாக வேண்டும்.

அந்தப் பட்டியல் இல்லாமல் அந்த ஊரில் வலை நனையாது. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் மூன்று: வடக்கு, நடு, முகத்துவாரம். வலை போடுகிறவர்களும் மூன்று கூட்டம். இன்று வடக்கில் போட்டவர்கள் நாளை நடுவில், மறுநாள் முகத்துவாரத்தில், பிறகு மறுபடி வடக்கில். இந்த முறைக்குப் பாடு என்று பெயர். பெருங்காற்றும் சாவும் குறுக்கிட்ட நாட்களைக் கழித்து, கூட்டம் கூட்டமாக, வருஷம் முழுக்க அதைப் பிசகாமல் எழுதுவது விளையாட்டில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்பு லோகேஷின் நைனா கையால் எழுதிய பட்டியலில் ஒரே விடியலில் இரண்டு கூட்டத்துக்கு முகத்துவாரம் விழுந்திருந்தது. நடு ஏரியில் துடுப்புகள் உயர்ந்தன. பூவரசனை இடது கையில் துண்டைச் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. வலையில் முடிச்சுப் போடும்போது அந்த இரண்டும் விறைத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கண்ணீரைப் புருஷன் பார்க்கக் கூடாதே!

அமுதவல்லி லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்து, பன்னிரண்டாவது முடித்து, ஏரிக்கரைக்கு வாழ்க்கைப்பட்டவள். பழவேற்காட்டில் பெண்களுக்கு நடந்த இலவச கம்ப்யூட்டர் வகுப்புக்கு மீன் கூடையோடு போய் வந்தாள். வகுப்பு முடிந்ததும் கழித்துப்போட்ட ஒரு பழைய மெஷினை அவளுக்குக் கொடுத்தார்கள். அதில் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டிருந்தது. 'பொம்பள விரல் பட்ட பட்டியல்ல இறாலா விழும்?' என்று சிரித்தார்கள். மூன்று வருஷமாக அவள்தான் போடுகிறாள். மூன்று வருஷமாக ஏரியில் ஒரு துடுப்பு உயரவில்லை. சிரித்த வாய்களும் அதன்பிறகு திறக்கவில்லை.

கையைக் கழுவாமலே முன்னறைக்கு வந்தாள். திரையில் இருந்த கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்குக்கூட ஒரு தகுதி வேண்டாமா? திரையில் திறந்திருந்த ஜன்னல் ஒன்றை லோகேஷ் மவுஸால் பிடித்து இழுக்க, அது வலையில் சிக்கிய சொறிமீன் மாதிரி தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"பாஸ்வேர்டு எப்படிடா தெரியும் உனக்கு?"

"படகு பேர் தானே அண்ணி? கரையிலயே முழ நீளத்துக்கு எழுதி வெச்சிருக்கீங்களே!"

அந்த ஒரு விஷயத்தில் தப்பு அவளுடையதுதான். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இத பாருங்க." அவன் இரண்டு பொத்தானை அழுத்தி மவுஸை நகர்த்தினான். திரை முழுதும் பின்னால் போய் ஒரு பெட்டியாக மாறி, அந்தரத்தில் திரும்பியது. ஒரு பக்கத்தில் வடக்கு, அடுத்த பக்கத்தில் நடு, அதற்கடுத்து முகத்துவாரம். "த்ரீ டி! இன்னும் எத்தினி நாளைக்கு அண்ணி கட்டம் போட்ட காகிதம்? பெட்டியச் சுத்தினா பாடு தானா மாறும்!"

"ஏரிய எப்டிடா சுத்துவ?"

வாசலில் செருப்புச் சத்தம். சிங்காரம் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து ஆண்கள் ஜன்னலில் முகம் பதித்து நின்றார்கள். பெட்டி திரும்பியபோது ஜன்னலிலிருந்து ஒரு "அடேங்கப்பா!" எழுந்தது. லோகேஷ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். அமுதவல்லி ஜன்னலில் இருந்த முகங்களைப் பார்த்தாள். இந்தப் பொம்மலாட்டத்துக்கா மூன்று வருஷ உழைப்பைத் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள்? பூவரசனின் விரல்களுக்கு இதுதானா பதில்?

சிங்காரம் மட்டும் வியக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, திரையை விரலால் தொட்டார்.

"சுத்து. இன்னிக்கு எங்க கூட்டம் வடக்கு."

"ஆமா மாமா."

"நாளைக்கு?"

பெட்டி திரும்பியது. "நடு."

"நாளான்னிக்கு முகத்துவாரம். சரி. அதுக்கு அடுத்த நாளு?"

லோகேஷ் உற்சாகமாகத் திருப்பினான். வடக்கு வரவில்லை. எழுத்தில்லாத நீலப் பக்கம் ஒன்று வந்து நின்றது.

"இது யாரு பாடு?"

"அது... அது காலி மாமா. பெட்டிக்கு நாலு பக்கம் இருக்குமில்ல?"

"காலியா?" கிழவர் குரல் உயரவில்லை. "நாலு நாளைக்கு ஒரு நாள் எங்க கூட்டத்துக்கு ஏரியே கிடையாதா? அன்னிக்கு என் வூட்ல உலை வைக்க வேணாமாடா?"

"இன்னொரு வாட்டி சுத்தினா வடக்கு வந்துடும் மாமா..."

"அதுக்குள்ள வடக்குல எவன் வலை கீது? சொல்லு!"

ஜன்னலில் சிரிப்பு வெடித்தது. ஒருவர் கத்தினார்: "லோகேஷு, அந்தக் காலிப் பாடு உனக்கே! நீ போய் நீலத்துல வலைய போடு!"

"சரி சரி, எடுத்துடுறேன்." அவன் அவசரமாகப் பொத்தான்களைத் தட்டினான். எதையோ அழுத்த, திரையிலிருந்த ஜன்னல்களின் தலைப்பட்டை மொத்தமும் மறைந்துபோயிற்று. மூட வழியில்லை, நகர்த்த வழியில்லை. காற்றாடி மட்டும் அலறியது. சுவர்க் கடிகாரம் மூன்றரையைத் தாண்டியிருந்தது. "மெஷின் ரொம்ப பழசு மாமா! நான் இன்னா பண்றது?"

"எழுந்திருடா," என்றாள் அமுதவல்லி.

அவன் எழுந்தான். இறால் நாற்றம் போகாத விரல்களால் அவள் மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். திரை கன்னங்கரேல் என்றானது.

"போச்சு! மொத்தமா அழிச்சிட்டாங்க! நான் இல்ல மாமா, அண்ணிதான்!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாய் குரைத்தால் தோணி நிற்குமா? கறுப்பில் வெள்ளை எழுத்து மினுக்கியது. பெயரைத் தட்டினாள், படகின் பெயரைத் தட்டினாள், அவன் போட்ட வித்தையை ஒரே வரிக் கட்டளையில் பிடுங்கி எறிந்தாள், திரையைப் புதிதாக எழுப்பினாள். மெல்ல மெல்லக் காற்றாடி அடங்கியது. பழைய சாதுவான திரை வந்தது. அதில் நேற்றே சேமித்து வைத்த பட்டியல், ஓர் எழுத்துக் குறையாமல்!

பிரின்டர் கறகறவென்று இழுத்துத் துப்பிய காகிதத்தைச் சிங்காரம் வாங்கினார். வடக்கு, நடு, முகத்துவாரம், மறுபடி வடக்கு. ஒவ்வொரு நாளாக விரலை வைத்து, ஒரு மாதம் முழுவதும் நடத்திப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"பாடு அமுதாகிட்டயே இருக்கட்டும். வாங்கடா, நேரமாச்சு."

எல்லோரும் போனார்கள். லோகேஷ் மட்டும் நின்றான். கண்ணாடி கையில் இருந்தது. அது இல்லாமல் அவன் முகம் அவனுடைய நைனாவின் முகம் போலவே இருந்தது.

"எங்க நைனா எழுதினது தப்புனு ஊரே சொல்லுது. அந்தப் பேரை மாத்தலாம்னு தான் அண்ணி..."

ஒரு கணம் அவள் நெஞ்சு இளகியது. ஒரே கணம்தான். விறைத்து நிற்கும் இரண்டு விரல்கள் கண் முன் வந்தன.

"உங்க நைனா கண்ணு தெரியாத வயசுல ஒரே நாளைக்கு ரெண்டு கூட்டத்த எழுதினாரு. நீ கண்ணாடி போட்டுகினு ஒரு நாளையே காணாம அடிச்ச. அந்தப் பெட்டிக்கு மூணு பக்கம் போதும்னு சொன்னா அதுவே மூணாயிடும், தெரியுமா? செட்டிங்ஸ்ல ஒரு நம்பர மாத்தணும், அவ்ளோதான். அந்த ஆட்டத்த நான் ரெண்டு வருஷம் முன்னாடியே போட்டுப் பார்த்து, வேணாம்னு தூக்கிப் போட்டேன்."

அவன் மறுபடி திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்போ... ஏன் அண்ணி, மாமா எதிர்ல சொல்லல?"

"நீ கேக்கலியே. என்ஜினீயராச்சே நீ!"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் படி இறங்கினான். தெருவில் உலர்த்திய வலையைச் சுற்றிப் போகத் தெரியாமல் மிதித்துக்கொண்டே போனான். ஒரு வலையை மிதிக்காமல் நடக்கத் தெரியவில்லை, ஏரியைத் திருப்ப வந்தானாம்! ஊர்க்கூட்டத்தின் பக்கம் போகாமல் பொன்னேரி பஸ் பக்கம் அவன் திரும்பும்வரை பார்த்திருந்தாள். பிறகு இறால் கையாலேயே கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.