நீண்ட சுற்றில் விடுபட்ட ஊர்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் எழுதிப் பழகியவள் இல்லை. ஓ.எல். வரைக்கும் படித்தேன், அதுவும் பள்ளிக்கூடம் இடம் மாறி இடம் மாறி. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற உனக்கு எழுத்து எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். ஆனாலும் இந்த ஓகஸ்டில் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, இங்குள்ளவர்கள் விடுமுறைக்குத் திட்டம் போடுகிற விதம். ஓகஸ்டில் போகிற பயணத்தை ஏப்ரலிலேயே சாப்பாட்டு மேசையில் தொடங்கிவிடுவார்கள். கோப்பைகளை ஒதுக்கிவிட்டு வரைபடத்தை விரித்து, இன்னும் பார்க்காத ஊரைப் பற்றிச் சண்டையும் பிடிப்பார்கள். நான் லிபெர்த்தா தெருவில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மகள் மார்த்தா பள்ளி ஆசிரியை, மருமகன் பாவுலோ. இந்த வருடம் அவர்கள் விரித்தது எங்கள் நாட்டின் வரைபடம்.

"இந்த முறை நீதான் வழிகாட்டி" என்றார் மார்த்தா. "ஒரு வாரம் என்றால் எங்கே போகலாம், பத்து நாள் என்றால் எங்கே, மூன்று வாரம் என்றால் எங்கே?"

நான் தலையாட்டினேன். அந்த வீட்டில் எதற்கும் தலையாட்டித்தான் எனக்குப் பழக்கம். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரேத்தோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கே ஒன்றும் தெரியாது என்பது உறைத்தது. சிகிரியாவை நான் புத்தகத்தில் மட்டுந்தான் பார்த்திருக்கிறேன். கண்டிக்குப் போனதில்லை. கொழும்பு தெரியும் என்றால், விமானநிலையத்துக்குப் போன வான் வண்டியின் திரைச்சீலை இடுக்கால் தெரிந்த அளவுக்குத்தான். எங்கள் சனம் பயணம் போனதெல்லாம் சட்டி பானையோடு. கிளிநொச்சியிலிருந்து கடற்கரைக்கு வான் வண்டியில் போனால் காலையில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். யுத்தத்தின் கடைசியில் அந்தத் தூரத்தைக் கடக்க எங்களுக்கு மாதங்கள் எடுத்தன. அந்த வழியை யாருக்குச் சொல்ல முடியும்?

கபோச் சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கும் ரவி அண்ணையிடம் போனேன். அவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய், வான் பிடித்து, சொந்தக்காரர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நாட்டைச் சுற்றுகிறவர்.

"அண்ணை, சிலோனைச் சுத்திப் பாக்கிறதெண்டால் எப்பிடிப் போறது?"

"ஆர் போறது? நீயோ?"

"நான் எங்கை போறது. சிஞ்ஞோராவின்ர மகள் போறா."

"சொந்த நாட்டுக்குப் பாதை கேட்டு வாற முதல் ஆள் நீதான் தங்கச்சி. நாளைக்குச் சோறு வடிக்கிறது எப்பிடியெண்டும் கேப்பாய் போலை."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அண்ணை மரக்கறிப் பையைக் கிழித்து அதில் வரைந்து விளக்கமாகத்தான் சொன்னார். ஒரு வாரம் என்றால் நீர்கொழும்பு, சிகிரியா, கண்டி, அதோடு திரும்பி வருவது. பத்து நாள் என்றால் கண்டியிலிருந்து ரயிலில் எல்ல என்ற மலை ஊருக்குப் போய், தெற்குக் கடற்கரையால் இறங்குவது. மூன்று வாரம் இருந்தால் மட்டும் திருகோணமலை போய், அங்கிருந்து வடக்கே யாழ்ப்பாணம். ஓகஸ்டில் திருகோணமலைக் கடல் நல்லது என்றார். "படத்தில பாத்தாக் கிட்டவாத் தெரியும், நம்பாதை. இஞ்சை ஹைவேயில கத்தானியாவுக்குப் போற மாதிரி நினைச்சால் மலை ரோட்டிலதான் நித்திரை." நீர்கொழும்பில் தனக்குத் தெரிந்த வான் ஓட்டுகிற தமிழ் ரைவர் ஒருவனின் தொலைபேசி எண்ணையும் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை சிஞ்ஞோரா மேசையில் இருந்து ஃபாவே என்கிற பெரிய அவரையை உரித்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வோர் ஊராகச் சொல்ல, மார்த்தா வரைபடத்தில் ஓர் அவரைக்கொட்டை வைத்தார். சிஞ்ஞோரா கண்டியை எடுத்து வாயில் போட்டுவிட, பாவுலோ, "மாமி, ஒரு நாள் மிச்சம்" என்றார். நானும் உற்சாகமாகக் கதைத்தேன். எல்லாம் பார்த்தவள் போலக் கதைத்தேன் என்பதுதான் உண்மை. மார்த்தாவுக்கு நீண்ட சுற்றுத்தான் பிடித்தது. திருகோணமலையிலிருந்து கரையோரமாக மேலே போன அவருடைய விரல் ஓர் இடத்தில் நின்றது. "இங்கே என்ன இருக்கிறது?"

அது எங்கள் ஊர். நான் வடக்கு என்று மட்டுந்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன்.

"அங்கே ஒன்றுமில்லை" என்றேன். "நிற்கத் தேவையில்லை."

அங்கே என் அக்கா இருக்கிறார். தனியாக. மீள்குடியேற்றத்தில் தந்த வீடு, பாதிக்குத் தகரம். அவருடைய மகன் சுதன் யுத்தத்தின் கடைசி நாட்களில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவன். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னதை நம்பி, அக்கா தானே கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தவர். அதற்குப் பிறகு அவனைக் காணவில்லை. காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் சந்தியில் ஒரு கொட்டில் போட்டுப் படங்களோடு இருக்கிறார்கள். அக்காவும் காலையில் போய்ப் பின்னேரம் வருவார். வெளிநாட்டுக்காரர் யாரைக் கண்டாலும் படத்தைத் தூக்கிக் காட்டுவார். யாராவது ஒரு வெள்ளைக்காரரால் அவன் கிடைப்பான் என்ற நம்பிக்கை.

தகரத்துக்கு வெட்கப்பட்டேன் என்றால் பாதிதான் உண்மை. மார்த்தா முன்னால் அக்கா படத்தோடு நிற்பதை நினைக்கத்தான் எனக்கு உடம்பு கூசியது. அதைப் பார்த்தபின் அவர்கள் என்னை வேறு மாதிரிப் பார்ப்பார்கள், மேசையில் சிரிப்பு நின்றுவிடும் என்று பயந்தேன். நானாகப் போக வழியில்லை. என் அகதிப் பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், அந்த ஒரு நாட்டைத் தவிர.

யூலையில் மார்த்தாவின் பயணத்தைப் பற்றி வாய்தவறி அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"இஞ்சாலை வருவினமே?" என்று அக்கா உடனே கேட்டார். "பத்து நிமிசம் காணும் பிள்ளை. சாப்பாடு ஒண்டும் வேண்டாம். படத்தை மட்டும் காட்டுறன்."

"அவையள் போறது வேறை பாதை அக்கா."

"ஓம். அவையள் ஏன் எங்கடை ரோட்டாலை வரப்போகினம்." அவர் குத்திக் கதைக்கவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நம்பிச் சொன்னார்.

ஓகஸ்டில் இந்த நகரம் காலியாகிவிடும். பிள்ளைகள் கடலுக்கும் வெளிநாட்டுக்கும் போக, மூடிய யன்னல்களுக்குப் பின்னால் வயதானவர்களும் நாங்களும் மிஞ்சுவோம். மார்த்தா தினமும் படம் அனுப்பினார். சிகிரியாவை முதன்முதலில் ஒழுங்காக நான் பார்த்தது அவருடைய படத்தில்தான். திருகோணமலையிலிருந்து புறப்பட்ட அன்று காலை, சிஞ்ஞோராவின் காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது ஒரு படம் வந்தது. ஓடுகிற வான் வண்டியிலிருந்து எடுத்தது. தெருவோரக் கொட்டில், சேலை கட்டிய பெண்கள், வரிசையாகத் தொங்கும் முகங்கள். கீழே மார்த்தா கேட்டிருந்தார்: "இது என்ன? தேர்தலா? இவர்கள் வேட்பாளர்களா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டத்தில் எல்லாம் கலங்கியிருந்தது. எது அக்கா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எண்ணெய்க் கையோடு பதிலைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த இத்தாலியன் கொஞ்சந்தான். "தாய்மார். பிள்ளைகளைத் தேடுகிறார்கள். என் அக்காவும் அங்கே இருக்கிறார். அவர் பெயர் சந்திரா." அனுப்பிய பிறகு அழித்துவிடலாமா என்று பார்த்தேன். மார்த்தா வாசித்துவிட்டார். பதில் வரவில்லை. கோபமாக இருக்கும் என்று நினைத்தேன். சிஞ்ஞோராவுக்குப் பாஸ்தா அவிக்கப் போனேன்.

மத்தியானம் அக்கா தொலைபேசி எடுத்தார்.

"கள்ளி. சொல்லாமலே அனுப்பிப்போட்டாய் என்ன? நான் ஒரு நல்ல சீலைகூட உடுக்கேல்லை. எங்களைத் தாண்டிப் போய்ப் பரந்தனிலை சாப்பிட்டுக்கொண்டு நிண்டவையாம், அங்கையிருந்து திரும்பி வந்தவை. ரைவர்ப் பொடியன்தான் தமிழிலை எல்லாம் சொன்னவன். உன்ரை பேரைச் சொல்லி, ஆர் சந்திரா எண்டு கேட்டுக்கொண்டு வருகினம். நான்தான் எண்டு எழும்பினன். அந்தப் பிள்ளை மார்த்தா நிலத்திலை பாயிலை இருந்தவ. சுதன்ரை படத்தை வாங்கி மடியிலை வைச்சிருந்தவ. திருப்பித் தரவே இல்லை கனநேரம்." அக்கா மூச்சு வாங்கினார். "எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், என்ரை தங்கச்சிதான் இத்தாலியிலையிருந்து அனுப்பி வைச்சவ எண்டு. அவவும் ஓமெண்டு தலையாட்டினவ."

"ஓம் அக்கா" என்றேன்.

நான் அழுவதைக் கண்ட சிஞ்ஞோரா, "யாராவது செத்துவிட்டார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் இருந்து சாப்பிடு" என்று பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டார். அது மார்த்தாவின் கதிரை. அதில் இருந்தேன். அன்று என் அக்காவின் பக்கத்தில் மார்த்தா இருந்தார், மார்த்தாவின் அம்மாவின் பக்கத்தில் நான்.

மறுநாள் அவர்கள் நெடுந்தீவுக்குப் படகில் போவதாக இருந்தது. அக்காவோடு இருந்துவிட்டு இரவு பிந்தித்தான் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததால் அதை விட்டுவிட்டார்கள். நான் வழமையான பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.