ரோஸ் நிற மாத்திரை

காக்ஸ் டவுனில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு, பள்ளியில் சமைக்கும், வழக்கமாக வரும் அக்கா ஒருவர் மிச்சமிருந்த பழைய அட்டை, புது அட்டை என இரண்டு மாத்திரை அட்டைகளோடு பதறி வந்தார். ரத்த அழுத்தத்துக்கு அவர் வழக்கமாகப் போடும் வெள்ளை மாத்திரை கிடைக்காததால், டாக்டர் வேறு கம்பெனி மாத்திரை எழுதியிருந்தார்.

“இது ரோஸா இருக்கே மேடம். பிபி ஜாஸ்தியாயிடுச்சா? ரெண்டையும் சேத்துப் போடணுமா?”

“ஒரே மருந்து, ஒரே அளவுதான்க்கா. கம்பெனிதான் வேற. சேத்துப் போட்டுட்டீங்களா?”

“இல்ல, பயத்துல காலையிலேருந்து எதையுமே போடல.”

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இரண்டு அட்டைகளிலும் பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரைக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தவர், தண்ணீர் வாங்கி ரோஸ் மாத்திரையை அங்கேயே விழுங்கினார்.

“அய்யோ, ஓசூர்லேருந்து மகள உடனே கிளம்பி வரச் சொல்லிட்டேனே!” என்று சிரித்தார்.

“வரட்டும்க்கா, நீங்க அவளப் பாத்து ரொம்ப நாளாச்சுல்ல” என்றேன்.