பஸ் போன பிறகும் நிற்கிற கேமரா

எனக்குப் பிடித்த டைரக்டர் யாரென்று தெரியாவிட்டால் உனக்குச் சோறு இறங்காதா? பெயர் தெரியாது கண்ணு. படத்தில் எழுத்துப் போடும்போது எனக்கு வாசிக்கவா தெரியும்?

திருப்பூருக்கு வேலைக்குப் போகிற மகனைச் செம்மேட்டில் பஸ் ஏற்றிவிட்டு வந்து, தனியாக டிவி போட்டேன். படத்திலும் ஒருத்தி மகனை பஸ் ஏற்றினாள். மற்ற படங்களில் கேமராவும் பஸ்ஸோடு ஓடிவிடும். இதில் பஸ் போய்விட்டது; அவள் மட்டும் வெறும் ரோட்டைப் பார்த்து நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். டிவி ரிப்பேர் என்று நினைத்து அதன் மண்டையில் ஓங்கித் தட்டினேன்.

சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு ராசாத்தி ஓடி வந்தாள். "ஏனுங்க அம்மாயி, டிவிய ஒடைச்சுப்போடாதீங்க! அந்த டைரக்டர் அப்படித்தான் எடுப்பாருங்க. போறவங்க பொறகால போகமாட்டாரு. நிக்கறவங்ககூடவே நிப்பாரு."

தட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் பஸ் மறைந்த பிறகு நானும் அப்படித்தான் நிற்பேன். அதை யாரும் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தேன். முகம் தெரியாத அந்த மனுஷன் பார்த்திருக்கிறார்.

நான் அழுததை ராசாத்தி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். வந்து கேட்டவர்களிடம், "அழுகையா? மொளகுத் தூசிங்க. அந்தப் படத்துல ஒண்ணுமே நடக்கலீங்க, ஒரு பொம்பள சும்மா நிக்கறா. மறுபடி போட்டா மட்டும் என்னைக் கூப்பிடுங்க" என்றேன்.