லடாக் பிளவுக்குள் வந்த பாபாக்கள்

பூஜை லீவு விட்டால் கொல்கத்தாவில் பாதி ஊர் பந்தல் பந்தலாகச் சுற்றும், மீதி ஊர் மலையேறிவிடும். அந்த வருஷம் எங்கள் சால்ட் லேக் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பட்டாளமே லடாக் கிளம்பியது. கூடவே ஒரு சமையல்காரர், டின் டின்னாகக் கடுகெண்ணெய். பாலைவனமோ பனிமலையோ, மதியம் மீன் குழம்பு வந்தாக வேண்டும். தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான், அதிலும் பாதி. அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு, உயரம் ஆகாது. ஆகவே நானும் அப்பாவும்.

எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குப் பாறைகளை ஆராயும் வேலை. மாசக்கணக்கில் வெளியூரில் இருப்பார், வந்தாலும் துணி துவைத்துக் காய்வதற்குள் கிளம்பிவிடுவார். இந்தத் தடவை அப்பா எனக்கே எனக்கு என்று ஸ்கூல் முழுக்கப் பீற்றிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

ஆனால் பஸ்ஸில் எனக்கு மாடி வீட்டுப் பசங்களோடுதான் கும்மாளம். வெளியில் எனக்கு வாயில் வருவது வங்காளம்தான். அப்பாவுக்கு அது சுத்தமாக வராது. யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவார். அதனாலேயே அவர் தட்டில் இரண்டு தடவை மீன் விழும். சைவர், பாவம்.

ஒரு நாள் பஸ் வெட்டவெளியில் நின்றது. எப்போதோ எரிமலைக் குழம்பு இறுகிய கருப்புப் பாறை, நடுவில் கத்தியால் கீறினாற்போல் ஒரு பிளவு. ஒருத்தர் பின் ஒருத்தராக நுழைந்து அந்தப் பக்கம் வெளியேற வேண்டும். கை கோத்து நடக்க இடமில்லை.

"இது கடலுக்கு அடியில கொதிச்ச கல்லு, தெரியுமாடி?" என்றார் அப்பா. உள்ளே நுழைந்ததும் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார். "ஒரு நிமிஷம்டா, வந்துட்டேன்."

அவருடைய ஒரு நிமிஷம் எனக்குத் தெரியும். நான் பசங்களைத் துரத்திக்கொண்டு முன்னால் போனேன். இரண்டு வளைவு தாண்டியதும் முதுகுப் பை பாறையில் மாட்டிக்கொண்டது. முன்னேயும் முடியவில்லை, பின்னேயும் முடியவில்லை, திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. பசங்களின் சத்தம் தேய்ந்து நின்றுபோனது. மேலே நூல் அகலத்துக்கு வானம். கன்னத்தில் கல் சில்லென்று இருந்தது. என் மூச்சைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

"பாபா" என்று கத்தினேன்.

வங்காளத்தில் அப்பா. ஸ்கூலில், லிஃப்டில், விளையாட்டில் விழுந்தால் எல்லாப் பசங்களும் கத்துவது அதுதானே. எனக்கும் அதுதான் வந்தது. பாறை அதை வாங்கி நாலு பக்கமும் வீசியது.

முன்னாலிருந்து செருப்புச் சத்தம். ஒருவர் அல்ல, கூட்டத்தில் இருந்த அப்பாக்கள் அத்தனை பேரும் தத்தம் பிள்ளை என்று நினைத்து ஓடி வந்தார்கள். முதலில் வந்தவர் மாடி வீட்டுப் பசங்களின் அப்பா, எனக்குக் காக்கு, அதாவது சித்தப்பா முறை. "ஆமி ஆச்சி தோ," நான் இருக்கேனே, என்று சொல்லிக்கொண்டே பையைக் கழற்றி என்னை வெளியே இழுத்தார். வெயிலுக்கு வந்ததும் அவர் தோளைக் கட்டிக்கொண்டு மூக்கைச் சிந்தினேன். அவர் மனைவி காக்கி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள்.

பிறகுதான் அப்பா பிளவிலிருந்து வந்தார். முழங்கை சிராய்ந்து ரத்தம், கையில், உள்ளே கழன்று விழுந்திருந்த என் குரங்குக் குல்லா.

"உனக்குப் பின்னாடி வளைவுலதான் நின்னேன். சத்தம் கேட்டுச்சு," என்றார். குல்லாவை என் தலையில் மாட்டப் பார்த்தார், நான் காக்குவின் தோளில் இருந்ததால் எட்டவில்லை.

பஸ் கிளம்பிய பிறகு மெதுவாகக் கேட்டார். "உள்ள யாரடி கூப்பிட்ட?"

அழுதது பசங்களுக்குத் தெரிந்துவிட்ட கடுப்பில் இருந்தேன். கெத்தை விட முடியுமா?

"எல்லா பாபாவையும்தான். யார் வந்தா என்னப்பா, வெளிய இழுத்தா சரி."

அவர் சிரித்தார். "அதுவும் சரிதான்."

அப்பாவையே சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. பின் சீட்டுக்குப் போய்ப் பசங்களிடம் அதையும் பீற்றினேன். மிச்ச வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். வெளியே நிறையப் பாறை இருந்தது, அவருக்கு அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.