சத்தம் போட்டுப் படித்த பக்கம்

நானூறு வயது ராஜகுமாரன் பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி விழும் நாவல் எதையும் இனி என்னிடம் நீட்டாதீர்கள் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். யார் கேட்கிறார்கள்? போன வாரமும் பக்கத்து நாற்காலிப் பெண் ஒரு தடி புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, “இது வேற மாதிரிக்கா, படிச்சுப் பாருங்க” என்றாள். பிரித்தேன். முதல் பக்கத்தில் இல்லாத ஒரு தேசத்தின் வரைபடம். அடுத்த பக்கத்தில் சாபம். அதற்கடுத்த பக்கத்தில் கதாநாயகி கண்ணாடி முன்னால் நின்று, தான் அப்படியொன்றும் அழகில்லை என்று அலுத்துக்கொள்கிறாள். பத்தாம் பக்கத்துக்குள் அவளுக்காக இரண்டு பேர் வாளை உருவிவிட்டார்கள். இதில் எது வேற மாதிரி என்று எனக்கு யாராவது சொன்னால் தேவலை.

இப்படித் திட்டுகிறவள் எதற்குப் படிக்கிறாய் என்று கேட்கலாம். திறந்துவிட்டால் முடிக்காமல் வைக்க முடிவதில்லை. முடித்த பிறகு இரண்டு நாள் எரிச்சலில் யாரோடும் சரியாகப் பேச்சு வராது. இது என் தலையெழுத்து, எழுதியவர் என் அப்பா.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. சென்னீர்குப்பத்தில் எங்கள் வீடு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். அவரைப் பெற்றவர்கள் கடைசிவரை பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர்கள். குடும்பத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் கால் வைத்த முதல் ஆள் நான்தான். கட்டுகிற பீஸுக்குப் பிள்ளை இங்கிலீஷ் படிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் ஏழு மணி முதல் எட்டு மணி வரை நான் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் டீவி கிடையாது, பேச்சு கிடையாது, மிக்ஸிகூடக் கிடையாது.

புத்தகங்கள் குமணன்சாவடி பழைய பேப்பர் கடையிலிருந்து வந்தன. பிளாட் காலி செய்துகொண்டு போகிறவர்கள் போட்டுவிட்டுப் போகிற புத்தகங்கள். அப்பா அவற்றைக் கனத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தார். எழுத்து பொடியாக இருக்க வேண்டும், உள்ளே படம் இருக்கக் கூடாது. அப்படி அவர் கண்ணில் பட்டவைதான் கறுப்பு அட்டையில் வெள்ளி இறக்கை போட்ட மூன்று பாகங்கள். ராஜா ராணி கதை, பசங்க படிக்கிறது என்று கடைக்காரர் சொன்னாராம். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கதைக்குள்ளே இருக்கிற பசங்கள் என்னென்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கதாநாயகி ஒரு சின்ன தேசத்து இளவரசி. அவள் பெயரின் நடுவே இரண்டு இடத்தில் காற்புள்ளி மேலே தொங்கும், எப்படி உச்சரிப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளைக் கட்டிக்கொள்ள இறக்கை முளைத்த ஒரு ராஜகுமாரன் துடிக்கிறான். வயது நானூற்றுப் பதினாறு. படகோட்டி ஒருவனும் இருக்கிறான். நல்லவன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான், அதனாலேயே அவனுக்கு ஒன்றும் நடக்கப்போவதில்லை என்று முதல் பாகத்திலேயே தெரிந்துவிடும். இருபது பக்கத்துக்கு ஒருமுறை முத்தம். சாதாரண முத்தம் இல்லை, ஒன்றரைப் பக்கம் ஓடும்.

இதைத்தான் நான் அப்பா அம்மா முன்னால் சத்தம் போட்டுப் படித்தேன். அவர்கள் இருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, சாமி கதை கேட்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். முத்தம் வரும்போது என் குரல் தானாக இறங்கும். உடனே கண்ணைத் திறந்துவிடுவார்.

“இன்னா பாப்பா, கொரலே வர்ல? தெருமொனைக்குக் கேக்கணும். சத்தமா படி.”

தெருமுனைக்குக் கேட்கும்படி முத்தத்தைப் படித்தவள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒருநாள் தாங்க முடியாமல், முத்தம் வந்த இடத்தில் அறிவியல் பாடத்தில் மனப்பாடமாக இருந்த ஒளிச்சேர்க்கையை எடுத்துவிட்டேன். தடங்கல் இல்லாமல் வந்தது. இன்றைக்குத்தான் தண்ணி மாதிரி வந்தது என்று அப்பா மெச்சிக்கொண்டார். அம்மாவுக்கு ஒளிச்சேர்க்கையும் ஒன்றுதான் முத்தமும் ஒன்றுதான். அவளுடைய சீரியல் போன கவலை அவளுக்கு.

“ஊர்ல அவனவன் ஊட்ல டீவி ஓடுது. நம்ப ஊட்ல மட்டும் கோர்ட்டு நடக்குது” என்பாள்.

கதை என்னவென்று கேட்ட ஒரே ஆள் அத்தை. அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். அவளும் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள், வண்டிக்குப் போகிற சின்னச் சின்ன பாகங்களில் கீறல், நெளிசல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள். எட்டு மணிக்கு என் படிப்பு முடிந்ததும் பின்பக்கம் துணி மடிக்கக் கூப்பிடுவாள். அன்றைய கதையைத் தமிழில் சொல்ல வேண்டும். கம்பெனியில் பாகங்களைப் பார்ப்பதுபோலவே கதையையும் பார்த்தாள்.

“அவனுக்கு இன்னா வயசு?”

“நானூத்திப் பதினாறு.”

“அவ்ளோ வயசான ஆளு சின்னப் பொண்ணு பின்னால இன்னாத்துக்கு சுத்திகினு கீறான்? வேல வெட்டி கெடையாதா?”

எனக்கும் அதே எரிச்சல்தான். இளவரசி தூங்கும்போது அவன் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறானே, எங்கள் தெருவில் ஒருவன் அப்படி உட்கார்ந்தால் சும்மா விடுவார்களா? நாங்கள் இருவரும் படகோட்டி கட்சி. ராஜகுமாரன் இறக்கையை விரிக்கும்போதெல்லாம் இளவரசிக்கு மூச்சு நின்றுபோவதைச் சொன்னால், ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லு என்பாள் அத்தை. அவளோடு பேசித் திட்டுவதற்காகவே நான் மறுநாள் ஆர்வமாகப் படித்தேன்.

இந்த நேரத்தில் அத்தைக்கு ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, ஒரே அக்கா, நூம்பலில் சொந்த பிளாட். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது மட்டும் அவர்கள் கேட்டது. அத்தையை அடுத்த மாதம் லைன் லீடர் ஆக்கப்போவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். முப்பது பேர் அவளுக்குக் கீழே. அதை அவள் அப்பாவிடம் சொன்னாள், கல்யாணம் ஆனபிறகு அதெல்லாம் எதுக்கு என்றார் அப்பா. எனக்கு இந்த இடம் வேணாம்ணா என்று இரண்டு முறை சொன்னதை நானே கேட்டேன். அப்பா இரண்டு முறையும் மாப்பிள்ளை வீட்டு பிளாட்டில் லிப்ட் இருப்பதைப் பற்றிப் பேசினார். பூந்தமல்லி ஜோசியரிடம் இரண்டு தடவை பொருத்தம் பார்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று முடிவானது.

ஞாயிறு காலையில் அத்தை புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

“அந்த ராணிப் பொண்ணு அவன் மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொன்னாளே, அது எந்தப் பக்கம்?”

இரண்டாம் பாகத்தில், கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் என்றேன்.

“உங்கப்பா இன்னிக்கு அவங்க முன்னால உன்னப் படிக்கச் சொல்லுவாரு. அதையே படி. மாப்ள அக்கா கம்ப்யூட்டர் கம்பெனில கீதாம். நிறுத்தி நிதானமா படி, இன்னா?”

எனக்குப் பெரிய நிம்மதி. வருகிறவர்களில் யாருக்காவது இங்கிலீஷ் தெரிந்திருந்தால் எந்தப் பக்கத்தைப் படிப்பது என்று இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் இருந்தேன். அந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் மூன்று பக்கத்துக்கு முத்தமே இல்லை. தவிர அது எனக்கும் பிடித்த பக்கம். நான் படித்தவரை அந்தப் பெண் மூளையை உபயோகித்தது அந்த ஒரு இடத்தில்தான். நாலாவது பக்கத்தில் போய் அவன் மார்பில் விழுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுவாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா, மூன்று பேர் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி ஆயிற்று. அத்தை வந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்க பாப்பா இங்கிலீஷ் படிச்சா பேப்பர் வாசிக்கிற மாரி இருக்கும் என்று ஆரம்பித்தார். நான் இரண்டாம் பாகத்தோடு தயாராக நின்றேன்.

நிறுத்தி நிதானமாகப் படித்தேன். இளவரசி சபை நடுவே எழுந்து நின்று சொல்கிறாள்: நீ என்னைப் பெண் கேட்டு என் அண்ணனிடம் போனாய், மந்திரிகளிடம் போனாய், நட்சத்திரம் பார்க்கிறவனிடம்கூடப் போனாய். என்னிடம் மட்டும் வரவில்லை. வந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். நான் ஆள வேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது. எனக்கு நீ வேண்டாம்.

அப்பா முகம் மலர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா, கண்ணு பட்டுரும் என்றார். மாப்பிள்ளை பஜ்ஜித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா மட்டும் மெல்வதை நிறுத்திவிட்டார். இந்தப் பக்கத்தை யார் தேர்ந்தெடுத்தது என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். பாராட்டு என்று நினைத்தேன். நியாயமாக அது போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும் என்று, “அத்தைதான் படிக்கச் சொன்னாங்க” என்று தமிழில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அதுவரை குனிந்திருந்த அத்தை நிமிர்ந்து அந்த அக்காவை நேராகப் பார்த்தாள்.

“கை கழுவணும், எங்க இருக்குன்னு காட்டுறீங்களா?” என்று அந்த அக்கா எழுந்தார். இரண்டு பேரும் பின்பக்கம் போனார்கள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பஜ்ஜி எண்ணெய் போவதற்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு இருந்தது. திரும்பி வந்த அக்கா, கிளம்பலாம்மா என்று மட்டும் சொன்னார்.

ஜாதகம் சரிப்படவில்லை என்று செவ்வாய்க்கிழமை போன் வந்தது. இரண்டு தடவை பொருந்திய ஜாதகம் எப்படித் திடீரென்று பொருந்தாமல் போகும் என்று அப்பாவுக்குப் பிடிபடவில்லை. அந்த அக்கா இங்கிலீஷில் ஏதோ கேட்டதும், அத்தைதான் படிக்கச் சொன்னாள் என்று நான் உளறியதும் அம்மாவுக்குத்தான் நினைவுக்கு வந்தது.

அப்பா என்னைக் கூப்பிட்டார். “அன்னிக்கு இன்னா படிச்ச? தமிழ்ல சொல்லு.”

இத்தனை மாதத்தில் அப்பா அர்த்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இளவரசி மாதிரியே நிமிர்ந்து நின்று, கையை நீட்டி, ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை.

அப்பா அத்தையைப் பார்த்தார். “நீயா சொன்ன?”

“ஆமாண்ணா. நான் வாயால சொன்னேன், உன் காதுல ஏறல. பாப்பா படிச்சாத்தான நீ டீவிய நிறுத்திட்டு கேக்குற.”

 அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் காலை மூன்று பாகங்களும் வண்டியில் ஏறிப் பழைய பேப்பர் கடைக்கே திரும்பிப் போயின. ஏழு மணிக்கு அம்மாவின் சீரியல் ஓடியது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மூன்றாம் பாகத்தில் நூறு பக்கத்துக்கு மேல் பாக்கி. எத்தனை முத்தத்தைத் தெருமுனைக்குக் கேட்கப் படித்தேன், அதற்கெல்லாம் தலையாட்டிய வீடு, முத்தமே இல்லாத ஒரு பக்கத்துக்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போடுமா? இதில் என்ன நியாயம்? அப்பாவைக் கோபித்துக்கொள்ள முடியாது. அதனால் அத்தையோடு பேசுவதை நிறுத்தினேன். பின்பக்கம் துணியை அவள் தனியாகவே மடித்தாள். அப்பாவும் அவளோடு பேசவில்லை.

அடுத்த மாதம் ஒரு காலையில் அத்தை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். லைன் லீடர்களுக்குக் கொடுக்கிற நீலக் கோட்டை அன்றுதான் முதல்முறையாக மாட்டியிருந்தாள். கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துவிட்டு, ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்த ராணிப் பொண்ணு கடைசில இன்னா ஆனா?”

“எனக்கு எப்டித் தெரியும்? உன்னாலதான் புக்கே போச்சு.”

என் நோட்டை நேராக நகர்த்தி வைத்தாள். பிறகு கேட்டாள். “அவ ரெண்டு பேர்ல யாரையுமே கட்டிக்கலன்னு வையி. ஊர மட்டும் பாத்துகினு கீறா. அப்டி முடிச்சா ஒத்துக்க மாட்டாங்களா?”

நான் அந்தத் தெருவிலேயே அதிகம் நாவல் படித்தவள். எனக்குத் தெரியாத முடிவா? பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னேன்.

“அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க அத்தே. யாரையாச்சும் கட்டிக்கினாத்தான் கதை முடியும். இல்லன்னா பாதில நின்ன மாரிதான்.”

அத்தை சரி என்று தலையை ஆட்டினாள். கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டாள். டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, குமணன்சாவடிக்குக் கம்பெனி வேன் பிடிக்கப் போய்விட்டாள். அவளுக்குப் பதில் தோன்றவில்லை, நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கணக்கைப் போட ஆரம்பித்தேன்.