சபையில் ஒருத்தி

பொன்னேரிக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி போகிற ரயில் பாதையை ஒட்டி எங்கள் கோயில் தெரு. சுற்றுவட்டாரத்தில் கிறிஸ்தவர்கள் குடியிருந்த ஒரே தெரு அது. அங்கே பெண்களோ குழந்தைகளோ இறந்துபோனால் உடலைக் குளிப்பாட்ட என் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். செய்தி சொல்ல வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா கேட்டுவிடுவாள்: "வெந்நி வெச்சிட்டீங்களா?" அழுதுகொண்டு வந்தவர்கூட அழுகையை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் சொல்வார்.

துணி எடுத்துக்கொடுக்க நானும் கூடப் போவேன். குளிப்பாட்டும்போது அம்மா விடாமல் பேசிக்கொண்டிருப்பாள். "கைய கொஞ்சம் தூக்கும்மா. சூடா கீதா? ஆயிடிச்சி, முடிஞ்சிபோச்சி." செத்தவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று நான் கதவுப் பக்கம் நகர்ந்துகொள்வேன்.

ஆனால் வேலை முடிந்துவிட்டால் அந்தக் கை தெருவுக்கே ஆகாது. பச்சைக் குழந்தையை அவளிடம் தரமாட்டார்கள். கல்யாண வீட்டில் காய் நறுக்க உட்கார்ந்தால், "நீ போயி காத்தாட ஒக்காருக்கா" என்று நைசாகக் கிளப்பிவிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எழுந்துகொள்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, ஏசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், தாழ்ச்சிக்கும் பணிவுக்கும் அடையாளமாக எங்கள் கோயில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். அத்தனை பேரும் வீட்டிலேயே காலைக் கல்லில் தேய்த்துக் கழுவிவிட்டு, சலவை வேட்டியில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கழுவின காலையே கழுவுவதில் என்ன தாழ்ச்சி இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டேன். "சும்மா கெட. வாயி ரொம்ப நீளம் உனுக்கு" என்றாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் தொடக்கத்தில் அவளுக்குக் காமாலை கண்டது. பிழைக்கமாட்டாள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்துபோயிற்று. ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "என்னிய நீ குளிப்பாட்டாத. பெத்தவள அப்படிப் பாத்தா அப்பால உனுக்குச் சோறு எறங்காது. சபையில யாராச்சும் ஒருத்தி வருவா. வரட்டும்." யாரை மனதில் வைத்துச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. தெருப் பெண்கள் கூடி ஜெபம் சொல்லும் மாதா சபையின் தலைவியை. அந்த அம்மாள் பெற்ற முதல் குழந்தை அம்மை போட்டு இறந்தபோது, வீட்டு ஆட்களே தொடப் பயந்தார்கள். மடியில் கிடத்திக் குளிப்பாட்டியவள் என் அம்மாதான்.

அம்மா இறந்த அன்று தெருவே திரண்டு வந்தது. மாலை வந்தது, மெழுகுவர்த்தி வந்தது. வாசலில் உட்கார்ந்து தலைவி ஜெபமாலை சொன்னாள், மற்ற பெண்கள் பதில் சொன்னார்கள். நான் வெந்நீரை இறக்கிவைத்துவிட்டு வாசலில் வந்து நின்றேன். "யாராச்சும் ஒருத்தர் உள்ள வாங்க. அம்மா கேட்டுக்கினாங்க" என்றேன். ஜெபத்தின் சத்தம் கூடியதே தவிர ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டி முடித்ததும் தலைவி வந்து என் தோளைத் தொட்டாள். "உனுக்குத்தாம்மா பழக்கம் கீது. எங்களுக்கு இன்னா தெரியும்?"

கதவைச் சாத்தினேன். தண்ணீர் ஆறிப்போயிருந்தது. மறுபடி சுடவைக்கத் தெம்பில்லாமல் அதிலேயே குளிப்பாட்டினேன். அவளைப் போலவே ஏதாவது பேச வேண்டும் என்று பார்த்தேன், குரலே எழும்பவில்லை. தெருவிலுள்ள எல்லோரிடமும் பேசிப் பேசிக் குளிப்பாட்டியவளுக்கு, அன்று பேச ஆள் இல்லை.

கோயிலில் சாமியார் அவளுடைய தாழ்ச்சியைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் வைத்தார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எழுந்து அத்தனை பேரையும் நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் தலைவியின் மாமியார் இறந்துபோனாள். கொட்டுகிற மழையில் தலைவியே என் வாசலுக்கு வந்து, தலையில் முக்காட்டோடு அழுதுகொண்டு நின்றாள். இப்படி ஒரு நாள் வரும் என்று காத்திருந்தவள் நான். சொல்ல வேண்டியதையும் தயாராக வைத்திருந்தேன்: எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு, சபையில் வேறு ஒருத்தியைப் பாருங்கள்.

வாயைத் திறந்தேன். "வெந்நி வெச்சிட்டீங்களா?" என்றுதான் வந்தது.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "வெச்சாச்சிம்மா" என்றாள்.

கோபம் அப்படியேதான் இருந்தது. துணியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.