பட்டியலில் இல்லாத கம்பெனிகள்

எஸ்.டி.டி. பூத்துக்காரர்கள் கண்ணாடிக் கூண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, செல்போனுக்கு ரீசார்ஜ் செய்ய ஆரம்பித்த வருஷம் இது. பழங்காநத்தத்தில் அப்படி ஒரு கடை வாசலில் நின்றபோதுதான் சேதி வந்தது. கடைக்காரர் போனை என் காதில் வைத்தார். "ஐயா, அப்பா காலையில போயிட்டாரு," என்றாள் துளசிராம் சாரின் மகள் ஹேமா.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த இரங்கல் கூட்டத்தில் வாசிக்க, நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். சாரிடம் கல்லூரியில் கணக்குப் படித்த நீங்கள் எல்லாம் அவருடைய நல்லதைச் சொல்லிவிட்டீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு தப்பு. அதில் பாதி என்னுடையது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு மேலமாசி வீதியில் ஒரு ஷேர் புரோக்கர் ஆபீஸில் டீ கொடுத்து, எடுபிடி வேலை பார்த்தேன். மெட்ராஸிலிருந்து போனில் விலை வரும். கிளார்க் சீனிவாசன் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போர்டில் எழுதுவார். போர்டைப் படிக்கத் தெரியாததால் நான் காதால் வாங்கி வைத்துக்கொள்வேன். எந்தக் கம்பெனி எப்போது வந்தது, எப்போது அதன் பெயர் சொல்வது நின்றது, எல்லாம் எனக்குத் தெரியும்.

மத்தியானம் வகுப்பு முடிந்ததும் சார் வருவார். பங்கு வாங்க அல்ல, ஆராய. பழைய பேப்பர் கடையில் எட்டு வருஷத்துப் பேப்பர்களைத் தேடிப்பிடித்து, அவற்றின் விலைகளைக் கிராஃப் தாளில் ஏற்றினார். ஒரு வருஷத்தில் அதிகமாக விழுந்த பத்துப் பங்குகளை வாங்கி, அடுத்த வருஷம் முழுக்கத் தொடாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர் கேள்வி. வருஷா வருஷம் லாபம் என்றது தாள்.

அதைக் கேட்டு நிமிர்ந்தவர் காதர் பாய். கோரிப்பாளையத்தில் சைக்கிள் கடை. சிரிக்க வைக்காமல் டீ குடிக்கமாட்டார். "மாயாண்டிண்ணே, மார்க்கெட் மாதிரியே சர்க்கரையும் இறங்கிருச்சா?" என்பார். பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுக்க வைத்திருந்த பணம் அம்புட்டையும் அந்தப் பத்துப் பங்கில் போடுவது என்று அன்றே முடிவு செய்தார்.

அன்று சார் தன் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்த கம்பெனிகளின் பட்டியலை வாசித்துக் காட்டினார். தூக்குவாளியோடு நின்று கேட்டேன். இறால் பண்ணைக் கம்பெனி வரவில்லை. தேக்கு வளர்க்கிறோம் என்றவர்கள் வரவில்லை. வாசலில் வரிசை நின்று ஜனம் பணம் கட்டின டைல்ஸ் கம்பெனியும் வரவில்லை.

"சார், அந்த இறால் கம்பெனி..." என்றேன்.

"அண்ணே, டீ ஆறுது. குடுத்துட்டு அப்புறம் கம்பெனி நடத்துங்க," என்றார் சீனிவாசன். காதர் பாய் சிரித்தார்.

சார் சிரிக்கவில்லை. பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். "என்ன சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல சார்."

அவ்வளவுதான். படித்தவர் கணக்கில் டீக்காரன் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வருஷத்துக்குள் பாய் வாங்கிய பத்தில் நான்கு கம்பெனிகளின் பெயர் போனில் வருவது நின்றுபோனது. மற்றவையும் எழுந்திருக்கவில்லை. சார் ஒரு நாள் நேராக என்னிடம் வந்தார்.

"அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தீங்களே, இப்பச் சொல்லுங்க."

சொன்னேன். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்றைய பேப்பரில் இருந்த கம்பெனிகளை வைத்துப் பட்டியல் போட்டு, அங்கிருந்து பின்னால் போய் விலை தேடியிருக்கிறார். விழுந்து செத்தவை பட்டியலுக்கே வரவில்லை. விழுந்து பிழைத்தவை மட்டும்தான் லாபம் காட்டின.

ஒரு மாதம் நான் செத்த பெயர்களைச் சொன்னேன். அவர் பழைய பேப்பரில் தேடி எடுத்துச் சிவப்பு மையில் எழுதிச் சேர்த்தார். சேர்க்கச் சேர்க்க லாபம் கரைந்தது. அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு காதர் பாயிடம் போனார், என்னையும் கூட்டிப்போனார். பாய் அதற்குள் இருந்த கடையையும் விட்டு, தர்கா பக்கம் ரோட்டோரம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏமாத்தல சார். கணக்குதான் ஏமாத்திருச்சு," என்றார் பாய்.

"கணக்கு மேல பழி போடாதீங்க பாய். நான் உயிரோட இருக்குறவங்களை மட்டும் விசாரிச்சேன்."

அன்று நான் வாயை மூடியதைச் சார் பாயிடம் சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ரெண்டு வருஷத்தில் பாய் போய்ச் சேர்ந்தார். இப்போதுதான், ஹேமா எழுத, முதல்முறையாகச் சொல்கிறேன்.

சார் என்னிடம் விட்டுப்போனது அந்தக் கிராஃப் தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் சிவப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். இறால் மேலே, தேக்கு அதன் கீழே.

அந்த மத்தியானம் அறையில் நாலு பேர் இருந்தோம். சீனிவாசன் போன தையில் போனார். காதர் பாய் அதற்கும் முன்னால். இப்போது சார். நடந்ததை நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது மிச்சம் இருக்கிற ஒருத்தனிடம் மட்டும்தான். இப்படி உயிரோடு இருக்கிறவனை மட்டும் விசாரிப்பதை, சார் இருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். அந்த ஒருத்தன், டீக்கார மாயாண்டி.